ஜிபாரின் முடியாத தொழுகை

ஜிபாரைத் தூக்கிக்கொண்டு போன அன்று அவள் மூன்று பேரைக் கடித்தாள். ஒருவனுக்குக் கட்டைவிரல், ஒருவனுக்குக் காது. மூன்றாமவன் எங்கே கடிபட்டான் என்பதை இன்றுவரை சொல்லவில்லை. ஒரு மாதம் ஒரு பக்கமாகவே உட்கார்ந்தான் என்று மட்டும் அத்-பாஷி சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

கடித்தது ஜிபார் என்பதைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை. சந்தை மருந்துக்கடையில் நிற்கும் ஜிபாரா? கதவு காற்றில் சாத்திக்கொண்டால் மாத்திரை அட்டையைக் கீழே போட்டுவிடுபவளா? ஒருமுறை, கேட்ட மருந்து இல்லை என்று சொன்னதற்கு ஒரு கிழவி “உன் வாய் கோணிப்போக” என்று திட்டிவிட்டுப் போனாள். ஒரு வாரம் முழுக்க ஜிபார் கண்ணாடியில் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோணினாற்போல்தான் இருந்தது.

அவளுடைய பயத்துக்குக் காரணம் வேண்டியதில்லை. சும்மா நிற்கும்போதே வரும். விரல் நுனி மரத்துப்போகும், உதடு விறைக்கும், மார்புக்குள் ஒரு குதிரை கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். இதோ செத்தோம் என்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். நரின் நகரத்தில் ஒரு மருத்துவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “இதயம் நல்லாத்தாம்மா இருக்கு. கல்யாணம் பண்ணிக்கோ, சரியாயிடும்” என்றார். கல்யாணம் என்று கேட்டதும் குதிரை இன்னும் வேகமாக ஓடியது. படபடப்புக்கென்று கடையில் விற்கும் வலேரியன் வேர்ச் சொட்டு மருந்தைத் தானே குடித்துப் பார்த்தாள். அந்த வாசனைக்குச் சந்தைப் பூனைகளெல்லாம் அவள் பின்னால் வர ஆரம்பித்தனவே ஒழிய வேறொன்றும் நடக்கவில்லை.

கூட வேலை செய்யும் குல்ஸாத் மதியமானால் இருமல் மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்த் தொழுதுவிட்டு வருவாள். போகும்போது இருந்த முகம் வரும்போது இருக்காது. ஜிபாருக்கு அதில் பொறாமை.

“உள்ள போய் என்னடி பண்ற?”

“ஒப்படைச்சுட்டு வரேன்.”

“எதை?”

“காலையில இருந்து தூக்கிட்டு நிக்கறதை. ஏன், உனக்கும் வேணுமா? இடம் இருக்கு, பெட்டியை நகர்த்தினா ரெண்டு பேர் நிக்கலாம்.”

நகர்த்தினார்கள். ஜிபாருக்கு அரபியில் சின்னச் சின்னதாகக் கொஞ்சம்தான் மனப்பாடமானது. நெற்றி தரையில் படும்போது அதையும் விட்டுவிட்டுத் தன் மொழியில் சொல்வாள்: “உன்கிட்ட விட்டுட்டேன். எனக்குத் தாங்கல.” பயம் ஓடிப்போகவில்லை. ஆனால் நெற்றிக்குக் கீழே ஒரு தரை இருந்தது. அதுவரை அவளுக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை.

வீட்டில் கேலி. அப்பா காதிர்குல் லாரி மெக்கானிக். அவர் பேசினால் சரளைக்கல்லை வாளியில் கொட்டுவது போலிருக்கும். “எங்க வம்சத்துல மூணு தலைமுறையா எவனும் தரையில நெத்தியை வச்சதில்லடி. குடிச்சுட்டு விழுந்து வச்சதோட சரி” என்பார். அப்புறம் கோப்பையை எடுப்பார்.

இனி தாலாய். டயர் ஒட்டுபவன். ஒரு காயமும் இல்லாமல் வாரத்துக்கு நான்கு தடவை பிளாஸ்திரி வாங்க வருவான். கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். அவள் மாட்டேன் என்றாள். மறுபடி கேட்டான். மறுபடி மாட்டேன். மூன்றாம் தடவை அவன் கேட்கவில்லை.

“நீ பயந்தாங்கொள்ளி. உன்னைத் தூக்கிட்டுப் போய்க் கட்டறது கோழி பிடிக்கற மாதிரி” என்று சிரித்துவிட்டுப் போனான்.

இலையுதிர்காலத்துக் காலை. ஜிபார் கடைப் பூட்டைத் திறக்கக் குனிந்தாள். பின்னாலிருந்து ஒரு கை வாயை மூடியது, இன்னொரு கை இடுப்பைச் சுற்றியது. கால்கள் தரையை விட்டுப் போயின. தலை கார்க் கதவின் விளிம்பில் மோதி, காதுக்கு மேலே தோல் கிழிந்தது. பின்சீட்டில் இரண்டு பேருக்கு நடுவே அவளைத் திணித்தார்கள். வாயிலிருந்த கட்டைவிரலை அவள் எலும்பு தட்டும்வரை கடித்தாள். கடிபட்டவன் அலறிக்கொண்டு அவள் முகத்தில் குத்தினான். அவளுடைய தலைத்துணி கிழிந்து ஜன்னல் வழியாகப் பறந்தது. குதிகாலால் கதவுக் கண்ணாடியை உதைத்தாள்; மூன்றாவது உதையில் அது பொலபொலவென்று சாலையில் கொட்டியது.

அப்புறம் அது வந்தது. விரல் மரத்து, மூச்சு உள்ளே போக மாட்டேன் என்று தொண்டையில் நின்றது.

“டேய், நீலமா ஆயிட்டாடா. செத்துகித்து வைக்கப் போறா!”

“நடிக்கறா” என்றான் முன்சீட்டிலிருந்த தாலாய், திரும்பிப் பார்க்காமலே. “எல்லாப் பொண்ணும் இப்படித்தான். எங்க சின்ன அண்ணி வந்தன்னிக்கு மூணு தடவை மயங்கினாங்க. இப்போ பாரு, எங்க அண்ணனையே அடிக்கறாங்க.”

சிரித்தார்கள். கடிபட்ட காதிலிருந்து ரத்தம் வழிய ஒருவன் சிரித்தது இன்னும் அசிங்கமாக இருந்தது.

தாலாயின் ஊர் மலையடிவாரத்தில். வீட்டு வாசலில் பெண்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். காரிலிருந்து கைகள் இழுத்தன, வாசலிலிருந்து கைகள் வாங்கிக்கொண்டன. மூலையில் திரை கட்டிய இடத்தில் மெத்தை போட்டிருந்தது. புது மருமகள் உட்காரும் இடம். அதில் அவளைத் தள்ளி, மேலே விழாக்குறையாக உட்கார்ந்தார்கள்.

தலைமை தாங்கியவள் தாலாயின் அத்தை தொக்தோகான். சந்தையில் ஆட்டுக்கு விலை கூவிக் கூவி உருண்ட குரல். ரகசியம் சொன்னால்கூடப் பக்கத்துத் தெருவில் பதில் வரும்.

“வாடி என் கண்ணு! வாடி என் மருமவளே! அழு, அழு, நல்லா அழு. நானும் அழுதேன். இதோ இவளும் அழுதா. இந்தா, துணியைக் கட்டிக்கோ, அழுகை நின்னுடும்.”

கையில் வெள்ளைத் துணி. அது தலையில் ஏறிவிட்டால் கதை முடிந்தது, பெண் சம்மதித்துவிட்டாள். அதற்கப்புறம் ஊரில் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஜிபார் துணியைப் பிடுங்கி வீசினாள். மறுபடி வந்தது. மறுபடி வீசினாள். ஒருத்தி முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையை நிமிர்த்தினாள், இன்னொருத்தி கைகளை முதுகுக்குப் பின்னால் முறுக்கினாள். காதுக்கு மேலிருந்த காயம் மறுபடி வாய் திறந்தது. ஜிபார் காலை வீசியதில் தேநீர்க் குடுவை சுவரில் மோதி உடைந்து, கொதிக்கும் தேநீர் தொக்தோகானின் பாதத்தில் கொட்டியது. தொக்தோகான் ஓர் அறை கொடுத்தாள். பல் உதட்டுக்குள் இறங்கியது.

“என் மருமவளை நானே அடிக்கும்படி பண்ணிட்டியேடி!” என்று தொக்தோகான் அழுதாள். உண்மையிலேயே அழுதாள்.

“போலீஸுக்குப் போவேன்.”

“போயேன். அங்க இருக்கற பெரியவன் பொண்டாட்டி யாருன்னு நினைச்ச? எங்க சித்தி பொண்ணு. அவளையும் இதே மாதிரி கார்லதான் கொண்டு போனான். நாலு பிள்ளை பெத்தாச்சு.”

பெண்கள் சிரித்தார்கள். ஜிபார் வாயிலிருந்த ரத்தத்தை மெத்தையில் துப்பினாள். மூச்சு மறுபடி குறுகிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை இது என்னைக் கொன்றே விடும், பிணத்துக்குத் துணியைக் கட்டிவிடுவார்கள் என்று நினைத்தாள்.

அப்போது ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து, மதிய பாங்கு கேட்டது.

“தொழணும்” என்றாள் ஜிபார்.

அந்தப் பெண்களில் தினம் தொழுகிறவள் ஒருத்தியும் இல்லை. அதனாலேயே பயந்தார்கள்.

“என்னடி சொல்றா?”

“தொழணுமாம்.”

“இப்பவா? இங்கயா?”

“விடுங்கடி அவ கையை!” என்றாள் தொக்தோகான். “அல்லா பேரைச் சொல்லிட்டா. அவனைக் கூப்பிடறவளைத் தடுத்தா நம்ம வீட்டுல இடி விழும். தண்ணி கொண்டாங்க!”

இரும்புக் கெண்டியில் வெந்நீர் வந்தது. வாசற்படியில் உட்கார வைத்து, இரண்டு பேர் காவல் நிற்க, கை, முகம், கால் கழுவினாள். முகத்துத் தண்ணீர் சிவப்பாக ஓடியது. தாடி நனைந்த ஆட்டுக்கிடா ஒன்று கட்டப்பட்டு நின்று அவளையே பார்த்தது.

திரும்பி வந்ததும்தான் தெரிந்தது, தலை மூடத் துணி இல்லை. அவளுடையது சாலையில் எங்கோ கிடக்கிறது. பார்வையைச் சுழற்றினாள். மெத்தை ஓரத்தில் அந்த வெள்ளைத் துணி ஒன்றுதான் இருந்தது. ஜிபாருக்கு யோசிக்க நேரமில்லை, மூச்சும் இல்லை. எடுத்துத் தலையில் சுற்றிக் கட்டி, தொழும் திசையான கிப்லாப் பக்கம் திரும்பிக் கையைக் கட்டினாள்.

“கட்டிட்டா!” என்று தொக்தோகான் கத்தினாள். “தானே கட்டிட்டா! யாரும் தொடல! எல்லாரும் பார்த்தீங்கல்ல?”

வீடே குதித்தது. வெளியே ஆண்கள் ஹோவென்று கூவினார்கள். கட்டியிருந்த கிடா ஒருமுறை கத்தியது, கத்தல் பாதியிலேயே அறுபட்டது. பெண்கள் மடியிலிருந்த மிட்டாயை அள்ளி மணமகள் மேல் வீசினார்கள். ஜிபார் குனிந்தபோது முதுகில் மிட்டாய் விழுந்தது. நெற்றியைத் தரையில் வைத்தபோது பிடரியில் விழுந்தது. நெற்றிக்குக் கீழேயே ஒன்று நசுங்கியது.

“அவங்க அப்பனுக்குப் போன் போடு!” தொக்தோகானின் குரல். “பெரியவரை அனுப்பு, அறுத்த கிடா ஒண்ணு, பாட்டில் நாலு. கோவத்தைத் தணிச்சுட்டு வரச் சொல்லு. ‘உங்க பொண்ணு தன் கையாலயே கட்டிக்கிட்டா’ன்னு சொல்லு!”

என்ன செய்துவிட்டேன் என்று ஜிபாருக்கு அப்போதுதான் உறைத்தது. துணியைப் பிடுங்கி எறியலாம். எறிந்தால் தொழுகை முறியும். பன்னிரண்டு கைகள் மறுபடி மேலே பாயும். தொழுதுகொண்டிருக்கும்வரை ஒருத்தியும் நெருங்கவில்லை. அறையின் குறுக்கே போக வேண்டியவள்கூடச் சுவரோரமாகப் பின்னால் சுற்றிப் போனாள்.

ஆகவே அவள் முடிக்கவில்லை. வலப்பக்கமும் இடப்பக்கமும் சலாம் சொன்ன கையோடு எழுந்து அடுத்ததற்குக் கை கட்டினாள். அது முடிந்ததும் அடுத்தது. தெரிந்த சின்ன அத்தியாயங்களையே திரும்பத் திரும்ப ஓதினாள். குனிந்தால் முதுகு வலிக்கும்வரை குனிந்தே இருந்தாள்.

“எத்தனை தடவைடி தொழுவாங்க மதியத்துல?”

“யாருக்குத் தெரியும்? நீ போய்க் கேளு.”

“நான் ஏன் கேக்கறேன், பாவம் எனக்கா வரணும்?”

“விட்டுப்போன வருசத்துக்கெல்லாம் சேர்த்துத் தொழறா போலிருக்கு.”

கதவு படாரென்று திறந்தது. தாலாய். குடித்திருந்தான். “எங்க என் பொண்டாட்டி? துணி கட்டிட்டாளாமே? இப்ப சொல்லட்டும் மாட்டேன்னு!” என்று நேராக அவளுக்கு முன்னால் வந்தான். தொக்தோகான் மாவுக் கட்டையை எடுத்து அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். முடியைப் பிடித்து முறுக்கிய அதே பெண்கள், இப்போது அவனைச் சட்டை கிழியக் கிழிய அடித்து வெளியே தள்ளினார்கள்.

“தொழறவ முன்னாடி குறுக்க போறியாடா, நாயே! உன் கல்யாணத்துக்கு நாங்க உயிரைக் குடுத்து உழைக்கறோம், நீ வீட்டுக்குக் கேடு கொண்டு வரியா?”

ஜிபார் நெற்றியைத் தரையில் வைத்தாள். எழவில்லை. “உன்கிட்ட விட்டுட்டேன். எனக்குத் தாங்கல” என்றாள். குதிரை ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் விரல்களில் மெல்ல ரத்தம் ஊறியது. தரை தரையாக இருந்தது. நசுங்கிய மிட்டாய் வாசனை மூக்கில் ஏறியது. மூச்சு ஒன்று, முழுதாக, அடிவயிறுவரை போய்த் திரும்பியது.

தொக்தோகானின் போன் அடித்தது. “கிடாவை வாங்கிட்டாரா? பாட்டிலைத் திறந்துட்டாரா? அவர் கார்லயே வராரா? வரட்டும் வரட்டும்! ஏய், கறியை இறக்குங்கடி! சம்பந்தி வந்து நம்ம தட்டுல கையை வச்சுட்டா எல்லாம் முடிஞ்சுது!”

ஆக, அப்பா வாங்கிவிட்டார். வந்து இந்த வீட்டுக் கறியைத் தின்றுவிட்டால் இனித் திரும்ப ஒரு வீடு அவளுக்கு இல்லை. அவர் வந்து சேர்வதற்குள் வாசலைத் தாண்டியாக வேண்டும்.

சலாம் சொன்னாள். கைகளை முகத்தில் தடவிக்கொண்டாள். எழுந்தாள்.

“முடிஞ்சுதா என் கண்ணு?” என்றாள் தொக்தோகான்.

“முடிஞ்சுது. நான் கிளம்பறேன்.”

தொக்தோகான் உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினாள். அவர்களிடம் கடைசி ஆயுதம் ஒன்று இருந்தது. உள்ளறையிலிருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாக அதைக் கொண்டு வந்தார்கள். தாலாயின் அப்பாவைப் பெற்ற ஆத்தா, எலும்பும் தோலுமாக. வாசற்படியில் குறுக்காக அவளைப் படுக்க வைத்தார்கள். படுத்தபடி அவள் ஜிபாரைப் பார்த்தாள். குரல் மட்டும் கத்தி.

“தாண்டுடி. என் வெள்ளை முடியைத் தாண்டிப் போ. போனா உன் வயித்துல ஒண்ணும் தங்காது. நீ போற வீடு வெளங்காது. உன் ரொட்டி உனக்கே மண்ணாப் போகும். நான் செத்தாலும் உன் கனவுல வந்து உக்காருவேன். தாண்டுடி, பார்க்கலாம்.”

கிழவியைத் தாண்டிப் போனவள் அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இல்லை. அடியைத் தாங்கியவர்கள் உண்டு, அறையைத் தாங்கியவர்கள் உண்டு. எல்லோரும் இந்த இடத்தில் வந்துதான் உட்கார்ந்தார்கள்.

ஜிபாரின் வாய் உலர்ந்தது. உதடு விறைத்தது. வாய் கோணுகிறதா என்று கை தானாக மேலே போனது. ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வது அவளுக்கே தெரிந்தது. அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு சுலபம்.

“ஆத்தா” என்றாள். “நீங்க என்ன வேணா சொல்லுங்க. குடுக்கறதும் எடுக்கறதும் உங்க கையில இல்ல. யார் கையில இருக்கோ, அவன்கிட்ட இப்பத்தான் விட்டுட்டு வரேன்.”

காலைத் தூக்கினாள். கால் உதறியது, கிழவியின் தோளில் பாவாடை உரசியது. மறு காலையும் வைத்துவிட்டாள். கிழவி வீறிட்டாள். பெண்கள் சிலையாக நின்றார்கள், இதோ இப்போது இடி விழும் என்பதுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டு.

இடி விழவில்லை. தாலாய்தான் விழுந்தான், முற்றத்து ஓரத்திலிருந்து அவள் மேல். தலைத்துணியோடு முடியைப் பிடித்து இழுத்து மண்ணில் சாய்த்தான். “என்னை ஊர் சிரிக்க வைக்கறியா?” விலாவில் ஓர் உதை, இன்னோர் உதை. ஜிபாரின் கைக்கு, வாசற்படி அருகே, அந்த இரும்புக் கெண்டி அகப்பட்டது. அவன் குனிந்தபோது வீசினாள். மூக்குத்தண்டில் விழுந்த சத்தம் காய்ந்த விறகு உடைவது போலிருந்தது. மறுபடி வீசினாள், வாயில். பற்களோடு ரத்தத்தைத் துப்பிக்கொண்டு அவன் அறுத்துப் போட்ட கிடாத் தோலின் மேல் மல்லாந்தான். மூன்றாவதாக ஓங்கியவள், ஓங்கிய கையைப் பார்த்தாள். அது தன்னுடைய கைதானா என்று தெரியவில்லை. கெண்டியைக் கீழே போட்டாள்.

தாலாயின் நண்பர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தவன்தான் முதலில் வழிவிட்டான்.

சாலையில் ஓடவில்லை, நடந்தாள். விலா ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தியது. பாப்லார் மரவரிசை முடிகிற இடத்தில் அப்பாவின் பழைய கார் எதிரே வந்து நின்றது. பக்கத்து சீட்டில் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு தாலாயின் பெரியப்பா, சபையில் பேசுவதுபோல ஆரம்பித்தார்: “மருமகளே! இருவீட்டார் ஆசியோட, மூத்தோர் முன்னிலையில...”

காதிர்குல் இறங்கினார். வாயில் சாராய வாடை. மகளின் தலையில் வெள்ளைத் துணியையும், உதட்டில் ரத்தத்தையும் பார்த்தார்.

“நீயே கட்டிக்கிட்டியாமே?”

“தொழறதுக்குக் கட்டினேன். என்னோடது கிழிஞ்சு போச்சு.”

“கட்டினதென்னவோ கட்டினதுதானேம்மா. ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு. நானும் கிடாவை வாங்கிட்டேன்.” சரளைக்கல் குரல் இளகியிருந்தது. “கொஞ்ச நாள்ல பழகிடும். உங்கம்மாவுக்கும் பழகிடுச்சு.”

“அப்போ கிடாவை நீங்களே கட்டிக்கிட்டு வாழுங்க” என்றாள் ஜிபார். “நான் கிழவியைத் தாண்டிட்டு வரேன்.”

பெரியப்பாவின் வாய் சபையை விட்டு இறங்கியது. “என்னது? தாண்டிட்டாளா? எங்க ஆத்தாவையா? அடிப்பாவி, உனக்கு நல்ல சாவே வராது...” என்று கத்திக்கொண்டு இறங்கி அவள் கையைப் பிடித்தார், திரும்ப இழுத்துப் போக.

காதிர்குல் அந்தக் கையைப் பார்த்தார். லாரி நட்டைத் திருகுவதுபோல் அதைத் திருகினார். தொப்பி பறந்தது. பெரியப்பாவின் முகத்தைக் கார் முகப்பில் ஒருதரம் மோத வைத்தார்; இன்னொரு தரம், உறுதிக்காக. பெரியப்பா சாலையோர வாய்க்காலில் போய் உட்கார்ந்து மூக்கைத் தேடினார். காதிர்குல் பின்பெட்டியைத் திறந்து, வாங்கி வைத்த கிடாக் கறியையும் திறக்காத பாட்டில்களையும் அவர் பக்கத்தில் வரிசையாக வைத்தார். திறந்த பாட்டிலை ஒரு நிமிடம் கையில் பிடித்திருந்தார். அப்புறம் அதையும் வைத்தார்.

“ஏறு” என்றார்.

கார் கொஞ்ச தூரம் போனதும் ஜிபாருக்கு மறுபடி வந்தது. விரல் மரத்தது. உன் வயிற்றில் ஒன்றும் தங்காது, உன் ரொட்டி மண்ணாகும். கிழவி பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜிபார் முகப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தாள்.

காதிர்குல் ஓரக்கண்ணால் பார்த்தார். “பயமா இருக்கா?”

“ஆமா.”

“இவ்வளவு நேரம் தொழுதியே. போகலயா?”

“போகல.”

“அப்புறம் எதுக்குத்தாண்டி அதைத் தொழற?”

“கால் நடுங்கிட்டேதாம்பா தாண்டினேன்” என்றாள் ஜிபார். “அதுக்குத்தான்.”

அவர் கியரை மாற்றப் போய், தவறான பல்லில் போட்டு, கார் ஒருமுறை குலுங்கி அலறியது. முப்பது வருட மெக்கானிக்.